கம்பஸ் மெயிலுக்கு இலவசப் பிரைம்: பதியலாமா, விடலாமா?

கொக்குவில்_சந்தி:
முதலாம் வருசப் பிள்ளைகளின்ரை வாட்ஸ்அப் குழுக்களிலை ஒரு செய்தி சுத்துது: "மாணவர் மெயில் இருந்தால் அமேசன் பிரைம் ஆறு மாதம் இலவசம், உடனே பதியுங்கோ." பிரைம் எண்டது அமேசன் இணையக் கடையின்ரை கட்டண உறுப்புரிமை. பதியிறது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன். காசு இல்லை, பிடிக்காட்டி நிப்பாட்டலாம். படிக்கிற நாலு வருசத்துக்குள்ளை கிடைக்கிறதை ஏன் விடவேணும்? மறுக்கிற ஆக்கள் காரணத்தோடை எழுதுங்கோ.

மானிப்பாய்_வீதி:
மறுக்கிறன். அந்தச் செய்தியை எழுதினவர் நிபந்தனையை வாசிக்கேல்லை. அமெரிக்க அமேசனிலை மாணவர் எண்ட பேரிலை பிரைம் எடுக்கிறது அமெரிக்கக் கல்லூரியிலை படிக்கிறவைக்கு. பிரித்தானியாவிலை மாணவராய் எடுக்க அங்கத்தைப் பல்கலைக்கழகத்திலை பதிவு வேணும். திருநெல்வேலியிலை, எங்கடை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை, தந்த மெயில் இரண்டுக்கும் சரிவராது.

சரி, எப்பிடியோ கிடைச்சாலும் என்ன பயன்? பிரைமின்ரை உயிர் இலவச அனுப்புதல். அது அந்த நாட்டு எல்லைக்குள்ளை மட்டும். அமேசனுக்கு இலங்கையிலை கடை இல்லை. சில சாமானை இஞ்சை அனுப்புவினம், ஆனால் அனுப்புகூலியும் சுங்கவரியும் வாங்கிறவர் தலையிலை. ஆறு மாதம் முடிஞ்ச அண்டு கார்ட்டிலை மாதம் 7.49 டொலர் போகத் தொடங்கும். சாதாரண பிரைம் 14.99, அதிலை பாதி. பாவிக்க முடியாத ஒண்டுக்கு அதுவும் கூடத்தான்.

உரும்பிராய்_கிழக்கு:
டொட் ஈடியூ (.edu) எண்டு முடியிற மெயில் டெலிகிராமிலை விக்கினமே. அதை வாங்கிப் பதிஞ்சால்?

மானிப்பாய்_வீதி:
வேண்டாம் தம்பி. 2001க்குப் பிறகு டொட் ஈடியூ முகவரி அமெரிக்காவிலை அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான் குடுபடுது. விக்கிற மெயில் ஒண்டில் பொய் விண்ணப்பம் போட்டு எடுத்தது, இல்லாட்டி ஒரு மாணவரிட்டைக் களவெடுத்தது. கடவுச்சொல் வித்தவரிட்டையும் இருக்கும். அந்தக் கணக்கிலை உங்கடை கார்ட் இலக்கத்தைப் போடுறதை யோசிச்சுப் பாருங்கோ.

கொக்குவில்_சந்தி:
வாங்கின மெயில் பிழை, அதிலை எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லண்டனிலையோ ரொறன்ரோவிலையோ சொந்தம் இல்லாத வீடு இஞ்சை எத்தினை? அங்கை கம்பஸ் படிக்கிற மச்சாள், மச்சான்மார் தங்கடை பேரிலை எடுக்கலாம். புத்தகத்தையோ கணினிப் பாகத்தையோ அவையின்ரை விலாசத்துக்கு எடுத்து, ஊருக்கு வாற ஆளிட்டைக் குடுத்துவிடலாம். இதைப் பயனில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?

மானிப்பாய்_வீதி:
அது மச்சாளின்ரை உறுப்புரிமை. நீங்கள் சொன்ன செய்தி இஞ்சத்தைப் பிள்ளைகளைப் பதியச் சொல்லுது. இரண்டும் வேறை.

நல்லூர்_பின்வீதி:
இதிலை விடுபட்ட ஒரு கூட்டம் இருக்கு: செப்டெம்பரிலை மாஸ்டர்ஸ் படிக்க லண்டன், கவென்ற்ரி எண்டு போற பிள்ளைகள். அவைக்கு இது உண்மையிலேயே உதவும், ஆனால் திறக்கிற நாள் முக்கியம். இலவச ஆறு மாதம் ஒருவருக்கு ஒருக்காத்தான். அனுமதிக் கடிதத்தோடை டொட் ஏசி டொட் யூகே (.ac.uk) எண்டு முடியிற பிரித்தானியக் கம்பஸ் மெயில் வந்த உடனை யாழ்ப்பாணத்திலை இருந்து திறந்தால், விசாவுக்குக் காத்திருக்கிற கிழமையெல்லாம் வீணாய் ஓடும். போய் இறங்கி, அறை விலாசம் நிலைச்ச பிறகு திறவுங்கோ. போர்வை, குக்கர், பிளக் எல்லாம் வாங்கிற மாதம் அதுதான்.

பரந்தன்_பொறியியல்:
சந்தி அண்ணை, மாணவர் பதிவுக்குப் பெறுமதி இருக்கு எண்டது சரி. ஆனால் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அந்தப் பெறுமதி கடையிலை இல்லை, மென்பொருளிலை. நிரல்களைச் சேமிக்கிற தளமான கிட்ஹப்பின்ரை மாணவர் பொதி இருக்கு. ஜெட்பிரெயின்ஸ் தன்ரை நிரல் எழுதிற மென்பொருளுக்கு ஒரு வருச உரிமம் தரும், படிக்கிறவரைக்கும் புதுப்பிக்கலாம். மைக்ரோசொஃப்டின்ரை மேகக் கணினிச் சேவையான அஷூர் 12 மாதத்துக்கு 100 டொலர் வரவு தரும், கார்ட் கேக்காது. கப்பல் வேண்டாம், சுங்கம் வேண்டாம்.

எங்கடை பிள்ளைகள் கிட்ஹப்பிலை மாட்டுப்படுறது பெயரிலை. அடையாள அட்டையிலை முன்னெழுத்தும் பெயரும், கணக்கிலை பட்டப்பெயர், கட்டணப் பக்கத்திலை தகப்பன் பெயர் கடைசியாய். அட்டையிலை உள்ளபடியே சுயவிவரத்திலையும் கட்டணப் பக்கத்திலையும் முழுப்பெயரை எழுதிப்போட்டு விண்ணப்பியுங்கோ. கடவுச்சொல்லோடை ஒரு குறியீடும் கேக்கிற இரட்டைச் சரிபார்ப்பை முதலே போடுங்கோ. இருக்கிற இடத்தைக் கேக்கும், அனுமதியுங்கோ. இருக்கிற இடத்தை மறைக்கிற விபிஎன் ஓடினால் நிராகரிக்கிறதுக்கு அதுவே காணும். கம்பஸ் வளவுக்குள்ளை, திருநெல்வேலியோ கிளிநொச்சியோ, நிண்டு செய்யிறது நல்லம்.

அட்டையிலை நடப்பு வருசமோ முடிவுத் திகதியோ இல்லாட்டி அட்டையை நம்பவேண்டாம். பதிவாளர் கந்தோரிலை ஆங்கிலக் கடிதம் எடுங்கோ: முழுப்பெயர், பதிவெண், பாடநெறி, கல்வியாண்டு, கடிதத் திகதி. நல்ல வெளிச்சத்திலை, நாலு மூலையும் தெரிய, படம் எடுங்கோ. போன் திரையிலை இருக்கிற படத்தைக் கமராவுக்குக் காட்டினால் எழுத்து மங்கிப் போகும்.

இன்னொண்டு. ஜெட்பிரெயின்ஸின் மாணவர் உரிமத்தை ஃபைவர் மாதிரி இணைய வேலைத் தளத்திலை காசுக்குச் செய்யிற வேலைக்குப் பாவிக்கேலாது. இதைக் கன பேர் கவனிக்கிறேல்லை.

கொக்குவில்_சந்தி:
நல்ல விபரம், தம்பி. ஆனால் ஆறு மாதத்தாலை கார்ட்டிலை காசு போகும், நிப்பாட்டிறது கஷ்டம் எண்ட பயத்திலை எல்லாத்தையும் தள்ளிவிடுறதையும் ஏற்கமாட்டன். பதிஞ்ச அண்டே புதுப்பித்தலை நிப்பாட்டினால் முடிஞ்சுது.

மானிப்பாய்_வீதி:
அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 ஜூனிலை அமேசன் மேலை வழக்குப் போட்டது இதுக்குத்தான். பிரைமை நிப்பாட்ட நாலு பக்கம், ஆறு கிளிக், 15 தெரிவு கடக்கவேணும் எண்டு மனுவிலை எழுதியிருந்தினம். 2025 செப்டெம்பரிலை 2.5 பில்லியன் டொலருக்கு இணங்கி முடிஞ்சுது. இணையத்திலை பழகின ஆக்களே தடுமாறின இடம் அது. முதல் கார்ட் எடுத்த 19 வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

நல்லூர்_பின்வீதி:
எடுக்கத் தகுதி உள்ள பிள்ளைக்குச் சொல்லுறன். கணக்குப் பக்கத்திலை பிரைம் உறுப்புரிமைக்குள்ளை போய், முடிக்கிற தெரிவை அமத்துங்கோ. "சலுகையை இழப்பியள்" எண்டு பக்கம் வந்தால், முடிக்கிற தெரிவையே அமத்துங்கோ. கடைசிப் பக்கத்திலை எந்தத் திகதிவரை பயன் இருக்கும் எண்டதை வாசிச்ச பிறகு உறுதிசெய்து, உறுதி மெயிலைச் சேமியுங்கோ. கார்ட்டை வங்கியிலை மறிக்கிறது நிப்பாட்டினதாய் ஆகாது.

உரும்பிராய்_கிழக்கு:
படிப்பு முடிய கம்பஸ் மெயிலை மூடினால் இந்தக் கணக்குகள்?

பரந்தன்_பொறியியல்:
கணக்கைச் சொந்த மெயிலிலை திறவுங்கோ. கம்பஸ் மெயிலை இரண்டாவதாய்ச் சேர்த்து, சரிபார்க்க மட்டும் பாவியுங்கோ. ஏற்கனவே கம்பஸ் மெயிலிலை திறந்தவை கடைசிப் பரீட்சைக்கு முன்னம் மாத்துங்கோ. மாத்திற உறுதிக் குறியீடு பழைய மெயிலுக்கு வரக்கூடும், அது மூடினபிறகு கணக்குக்குள்ளை போகேலாமல் போயிடும்.

கொக்குவில்_சந்தி:
குழுவிலை போட்ட செய்தியிலை பிரைம் வரியை எடுத்துவிடுறன், பரந்தன் தம்பியின்ரை மூண்டையும் போடுறன். மச்சாள் விலாசத்தை மட்டும் விட்டுக்குடுக்கமாட்டன், வீதி அண்ணை.