பத்து நிமிட எண்ணிக்கையை நம்பி வலை போட விடலாமா? சால்மன் ஏற்றம் பற்றி ஒரு கேள்வி

பிறை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செபராங் பிறையில் உறைந்த மீன் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் குளிர்கிடங்கில் பெரும்பாலும் நோர்வேயின் பண்ணைச் சால்மன்தான் இருக்கும். அதன் வரத்து ஆண்டு முழுவதும் ஓரளவு சீரானது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏற வரும்போது அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் பிடிபடும் சாக்கை சால்மன் அப்படியன்று. ஜூன் பிற்பகுதியில் சூடுபிடித்து, ஜூலை முடிவதற்குள் ஓர் ஆண்டுக்கான மீன்பாடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

கடந்த ஜூலையில் எங்களுக்கு மீன் அனுப்புபவர், ஆற்றில் ஏறிய மீன் இன்னும் போதாததால் அந்தப் பகுதி மூடப்பட்டுள்ளது என்று ஒரு நாள் எழுதினார். மூன்றாம் நாள், அதே பகுதியில் இரவு பகலாகப் பிடிக்கலாம் என்று அறிவித்துவிட்டதால் தொழிற்சாலை திணறுகிறது, ஆகவே எங்கள் கொள்கலன் தாமதமாகும் என்று எழுதினார். இரண்டு கடிதங்களையும் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, ஆற்றின் சாவி என் இடுப்பில் தொங்குவதுபோல் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

பிறகு நானாகத் தேடிப் படித்ததில், அங்கே ஆற்றங்கரையில் கோபுரம் கட்டி, அதன்மேல் நின்று ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் மீனைக் கண்ணால் எண்ணி, அந்த எண்ணை ஆறால் பெருக்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. மீதி ஐம்பது நிமிடம் யாரும் பார்ப்பதில்லை. இத்தனை பெரிய வணிகத்தை இப்படி ஒரு கணக்கை நம்பித் திறப்பதும் மூடுவதும் சரிதானா? பருவம் தொடங்குவதற்கு முன்பே இவ்வளவு பிடிக்கலாம் என்று ஓர் அளவை அறிவித்துவிட்டால் எல்லாருக்கும் எளிதாக இராதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செந்தூல் கணக்கர் எழுதியது:

அம்மா, எனக்கு மீன்வளம் தெரியாது; புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே பத்து நிமிடக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் கூட்டத்தை எண்ணும் வேலையை உங்களிடம் ஒப்படைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் கண்ணிமைக்காமல் எண்ண ஒருவராலும் இயலாது. ஒவ்வொரு மணியிலும் முதல் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்கினால், காவடிக் குழு ஒன்று அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்ட மணிக்கு எண்ணிக்கை மிகையாகவும், அது முடிந்தபின் வந்த மணிக்குக் குறைவாகவும் அமையும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்பினால் நீங்கள் ஏமாறுவீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும், பல வாரங்களும், இரு கரைகளிலும் எண்ணிக்கொண்டே போனால், மிகையும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பருவத்தின் மொத்தம் உண்மைக்கு மிக அருகில் வந்து நிற்கும். இது நம்பிக்கை சார்ந்ததன்று, கணக்கு.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. எண்ணுபவர் இருட்டில் எப்போதும் சில மீன்களைத் தவறவிடுகிறார் என்றால், அந்தப் பிழை நாள்தோறும் ஒரே பக்கம் சாயும். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்தது போன்றது அது. எத்தனை முறை நிறுத்தாலும் சரியாகாது. அந்தப் புளியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

காஜாங் நண்பன் எழுதியது:

ஐயாவின் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனெனில் அமெரிக்காவில் படித்த காலத்தில் ஒரு கோடை முழுவதும் அந்த விரிகுடாவில் விழும் ஆறு ஒன்றில் மீன் எண்ணியிருக்கிறேன்.

கோபுரம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நம் ஊரில் கட்டடத்துக்குச் சாயம் பூசக் கட்டும் சாரம் போன்றதுதான். கரையோரத்தில் நீரோட்டத்தின் வேகம் குறைவு என்பதால் சாக்கை நடு ஆற்றை விட்டுக் கரையை ஒட்டியே ஏறும். அதனால்தான் கரைக்கு ஒரு கோபுரம் போதுமானதாகிறது. நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் கண்ணாடியை அணிந்துகொண்டு, இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாக இரண்டு எண்ணுமானிகளைப் பிடித்திருப்போம். மேலே ஏறும் மீனுக்கு இடக் கட்டைவிரல், களைத்துக் கீழே சரிந்துவரும் மீனுக்கு வலக் கட்டைவிரல். பின்னதை முன்னதிலிருந்து கழித்துவிட வேண்டும், இல்லையேல் அதே மீனை மறுபடியும் எண்ணியதாகிவிடும். எங்கள் இடத்தில் ஆற்றின் அடியில் வெள்ளைப் பலகைகளைப் பரப்பியிருந்தோம். அந்த வெண்மையின்மேல் கரிய கோடுகளாக மீன் கடந்து போகும். கொசு கண்ணிமைக்குள் நுழைந்தாலும் கட்டைவிரல் நிற்கக் கூடாது. ஓர் இரவு, இரண்டு மணிக்குப் பூஜ்யம் என்று எழுதிய என் கை, மூன்று மணிக்கு நான்கு இலக்க எண்ணை எழுதியது நினைவிருக்கிறது.

இருட்டுக்கு விளக்கு வைத்திருந்தோம். காற்று எழுந்து நீர்ப்பரப்பு கலங்கும் நேரங்களைத் தனியே குறித்துவைத்தோம். ஒருவர் எண்ணும்போதே இன்னொருவரை அருகில் நிறுத்தி எண்ணவைத்து ஒப்பிட்டதும் உண்டு. புளி முழுவதும் போய்விட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 1950களில் அங்கே கொண்டுவந்த நாளிலிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் கடைப்பிடித்து வருவதால், இந்த ஆண்டின் எண்ணைப் பழைய ஆண்டுகளின் எண்ணோடு ஒப்பிட முடிகிறது. சிறு சாய்வு இருந்தாலும் அது எல்லா ஆண்டுகளிலும் ஒரே மாதிரி இருப்பது, ஆண்டுக்கொரு புதுமுறையைக் கையாள்வதைவிடப் பயன் தரும்.

இனி வாசகியின் கேள்வி. அலாஸ்காவின் மேலாண்மையில் எவ்வளவு பிடிக்கலாம் என்பது முதல் கேள்வியே அன்று. எவ்வளவு மீன் வலைக்குத் தப்பி ஆற்றில் ஏற வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் எஸ்கேப்மென்ட் என்பார்கள். நான் தப்புமீன் என்று எழுதுகிறேன். ஒவ்வோர் ஆற்றுக்கும் தனி இலக்கு உண்டு. குவிசாக் ஆற்றுக்கு அது 2 மில்லியனிலிருந்து 10 மில்லியன் வரை. வுட் ஆற்றுக்கு 700,000 முதல் 1.8 மில்லியன் வரை. கீழ் எல்லை ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேல் எல்லை ஏன் என்றால், அளவுக்கு மீறி மீன் ஏறும்போது பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றின் முட்டைக்குழிகளைக் கிளறிவிடுகின்றன. பொரிந்த குஞ்சுகளுக்கும் ஏரியில் இரை போதாது. தாய்மீனின் தொகைக்கும் அது தரும் தலைமுறையின் தொகைக்கும் உள்ள இந்த வளைகோட்டை 1954இல் கனடிய அறிவியலாளர் ரிக்கர் எழுதிக் காட்டினார். இலக்குகளை வகுப்போர் இன்றும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே தப்புமீன் பின்தங்கினால் மூடுகிறார்கள், விரைந்து ஏறினால் திறக்கிறார்கள். உங்களுக்கு வந்த இரண்டு கடிதங்களும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்தாம்.

முன்கூட்டியே அளவை அறிவித்துவிடலாமே என்கிறீர்கள். முன்கணிப்பு எப்படிக் காலை வாரும் என்பதற்குக் கனடாவின் ஃபிரேசர் ஆறு சான்று. அங்கே 2009இல் பத்து மில்லியனுக்கும் மேல் சாக்கை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஒன்றரை மில்லியனை எட்டவில்லை. நீதிபதி புரூஸ் கோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே 2010இல் 28 மில்லியனுக்கும் மேல் வந்து குவிந்தது! கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த மீனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கரையில் இருந்துகொண்டு யாராலும் அறிய முடிவதில்லை. 2009இல் முன்கணிப்பையே அளவாக வைத்து வலை போட்டிருந்தால், அந்த ஆற்றில் விதைமீனே மிஞ்சியிராது. ஆகவே வந்துசேர்ந்த மீனைப் பார்த்து நாள்தோறும் முடிவைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. கோபுரத்தைக் கடந்த மீன், வலை போடும் முகத்துவாரத்தைத் தாண்டி வந்தது முன்பொரு பொழுதில். சில ஆறுகளில் ஒரு நாளுக்கும் மேல் ஆகியிருக்கும். எண்ணிக்கை வந்துசேரும்போது செய்தி பழையதாகிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான், அலாஸ்கா தீபகற்பத்தின் வடகரையில் போர்ட் மோலருக்கு அப்பால் கடலில் சோதனைப் படகுகள் செவுள்வலை போட்டுப் பார்க்கின்றன. அங்கே சிக்கும் மீன், விரிகுடாவை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன் திசுத்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் அனுப்பி, மரபணுவைக் கொண்டு எந்த ஆற்றுக்குரிய மீன் எவ்வளவு என்று பிரித்துவிடுகிறார்கள். செதிலில் மரத்தின் ஆண்டுவளையம் போன்ற கோடுகளைப் படித்து வயதையும் அறிகிறார்கள்.

தெலுக் பகாங் தூண்டில் எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடி தெரியும் ஆற்றில், பெரும்பாலும் ஒரே வகை மீன், ஆண்டுக்கு ஒருமுறை அணிவகுத்து ஏறினால், எண்ணுவது என்ன பெரிய வித்தை? மழை பெய்த மறுநாள் சுங்கை மூடா எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதைக் காஜாங் நண்பர் வந்து பார்க்கட்டும். சிறுவயதில் எங்கள் பாட்டி, புதுவெள்ளம் வந்தால் கெண்டை ஏறும் என்று தாம் பிறந்த ஊர் ஏற்றுமீன் கதையைச் சொல்வார். அதை யாரும் எண்ணவில்லை, பிடித்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்று: மூடிய நாளில் கடனுக்கு வாங்கிய படகோடு கரையில் உட்கார்ந்திருப்பவனின் வயிற்றெரிச்சலை யார் எண்ணுகிறார்கள்? மீன் கண்ணெதிரே கடந்து போகும்போது வலையைச் சுருட்டி வைத்திருப்பது எளிதன்று. நான் மீனவன் மகன், அதனால் கேட்கிறேன்.

காஜாங் நண்பன் எழுதியது:

அண்ணன் கேட்டது நியாயம். கலங்கிய ஆற்றில் கோபுரத்தால் பயனில்லை. பிரிஸ்டல் விரிகுடாவிலேயே நுசகாக் ஆறு கலங்கல் என்பதால் அங்கே சோனார் வைத்திருக்கிறார்கள். கருவுற்ற பெண்ணின் வயிற்றை ஒலியலையால் படமெடுப்பது போலத்தான் அதுவும். மீனின் உருவம் திரையில் நெளிந்து போகும். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லும். எந்த வகை என்பதைத் திட்டமாகச் சொல்லாது. அதற்காகப் பக்கத்திலேயே பல கண்ணளவு கொண்ட வலைகளைப் போட்டு, சிக்கியவற்றின் விகிதத்தைக் கொண்டு திரையில் கண்ட தொகையைப் பிரிக்க வேண்டும். பல வகை மீன்கள் கலந்தோடும் நம் ஆறுகளில் இந்த இரண்டாம் வேலைதான் கடினமாக இருக்கும்.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் சரவாக்கின் தெருபோக் மீனைப் பாருங்கள். உல்லத்துக்கு உறவான அந்த மீன், பாத்தாங் லுபார் போன்ற ஆறுகளின் சேறு கலந்த முகத்துவாரத்தில் முட்டையிடுகிறது. முதலில் ஆணாக வாழ்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம் அது. சினைக்காகப் பெரிய மீனை மட்டும் அள்ளினால், அள்ளப்படுபவை அத்தனையும் பெண். அங்கே மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது; அளவையும் பாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து கண்ணில் படும்.

வயிற்றெரிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யூக்கான் ஆற்றில் பைலட் ஸ்டேஷன் என்னும் சிற்றூரில் பல ஆண்டுகளாகச் சோனார் இயங்குகிறது; சினூக் என்னும் இன்னொரு வகைச் சால்மன் சரிந்துகொண்டே வந்ததை அது தெளிவாகக் காட்டியது. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு, அதாவது அந்த மீனின் ஒரு முழு வாழ்நாளுக்கு, சினூக் பிடிப்பதை நிறுத்த உடன்பட்டன. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீனைப் புகையிட்டு உலர்த்தி வாழும் பழங்குடி மக்களுக்கு அது வருமானத்தை மட்டுமா பறித்தது? ஏன் மீன் வரவில்லை என்று கேட்டால், சோனார் வாய் திறப்பதில்லை. வெப்பமாகும் நீரா, நோயா, பெருங்கடலில் வேறு மீனுக்காக இழுக்கும் மடிகளா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

பிறை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது கவலை. நாள்தோறும் எண்ணும் அந்தக் கணக்கு, எங்களைப் போன்ற வெளியாட்களுக்குப் பார்க்கக் கிடைக்குமா? கிடைத்தால், அனுப்புபவரின் கடிதத்துக்குக் காத்திராமல் கொள்கலனை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாமே.

காஜாங் நண்பன் எழுதியது:

கிடைக்கும். அலாஸ்காவின் மீன், வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆற்றுக்கும் அன்றன்றைய தப்புமீனையும் மீன்பாட்டையும் பருவம் முழுவதும் இணையத்தில் வெளியிடுகிறது. இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: போர்ட் மோலர் சோதனை வலையின் எண் ஏறினால், அடுத்த வாரம் தொழிற்சாலை நெரிசலாகும் வாய்ப்பு அதிகம், ஆற்றின் தப்புமீன் இலக்கின் கீழ் எல்லையைக்கூட நெருங்காமல் ஜூலை முதல் வாரம் கடந்தால், மூடும் அறிவிப்பை எதிர்பார்த்திருங்கள். கோடையில் அவர்கள் நமக்குப் பதினாறு மணி நேரம் பின்தங்கியவர்கள். அங்கே இரவு எட்டு மணிக்கு எழுதிய எண்ணை நீங்கள் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் பார்த்துவிடலாம்.