டர்போ சி-யில் தாமரை நீலமாக மின்னுகிறது, 17-ஆவது வரிக்குக் கீழே எல்லாம் கருப்பு. உதவி வேண்டும்

குளத்தங்கரை | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் உரக்கடையில் இருப்புக் கணக்கு பார்க்கும் நிரல் ஒன்று 1997-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவே டர்போ சி-யில் எழுதியது. கடையில் இருப்பது பழைய டாஸ் கணினி, பெட்டி மானிட்டர். அடுத்த வாரம் அவருக்கு எழுபது நிறைகிறது. நிரலைத் திறந்ததும் கடைப் பலகையில் இருக்கும் படம் திரையில் வரவேண்டும் என்பது என் ஆசை. மேலே நிலா, நடுவில் தாமரை, கீழே குளம். பலகை வெளுத்துப்போய் இப்போது தாமரையின் வெளிக்கோடு மட்டும்தான் தெரிகிறது.

மடிக்கணினியில் மோபியஸ் (எழுத்துக் கட்டங்களால் படம் வரையும் நிரல்) நிறுவி மவுஸாலேயே வரைந்தேன். 80-க்கு 25 கட்டம். அரைக்கட்டத் தூரிகை இருப்பதால் ஒவ்வொரு கட்டத்தையும் மேல் பாதி ஒரு நிறம், கீழ் பாதி ஒரு நிறம் என்று தீட்ட முடிகிறது. அதாவது 80-க்கு 50 புள்ளி. கடைப் பெயரையும் அதே தூரிகையால் தமிழில் எழுதிவிட்டேன். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரே ஒரு அரைக்கட்டம் போதுமாக இருந்தது. மூன்று இரவு வேலை.

படத்தை .bin வகைக் கோப்பாகச் சேமித்தேன். அளவு 4129 பைட். நிரலில் 4000 பைட்டுக்கு ஒரு பொது வரிசை வைத்து, எஃப்ஓப்பனால் திறந்து, எஃப்ரீடால் வாசித்து, புட்டெக்ஸ்டால் திரை முழுக்கப் போட்டேன்.

மோபியஸில் கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. டாஸ்பாக்ஸில் (மடிக்கணினியிலேயே பழைய டாஸ் நிரல்களை ஓட்டிப் பார்க்கும் நிரல்) ஓட்டினால் நிலாவின் விளிம்பு பழுப்பாகி மின்னுகிறது. தாமரை இதழ்கள் இளஞ்சிவப்பாக வரவேண்டும். அங்கே ஒரு கணம் வெளிர்நீலம், மறுகணம் ஊதா. 16-ஆவது வரியின் கடைசியிலும் 17-ஆவது வரியின் தொடக்கத்திலும் பச்சைப் பின்னணியில் கருப்பாக ↨ ↨ ↨ என்று வரிசையாக நிற்கிறது. அதற்கப்புறம் குளமே இல்லை, வெறும் கருப்பு. படத்தை இரண்டு முறை புதிதாகச் சேமித்துப் பார்த்தேன். அதே கதைதான்.

---

அரைக்கட்டம் | வெள்ளி, இரவு 10.15

மின்னுவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். டெக்ஸ்ட் மோடில் ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட். முதலாவது எழுத்து, இரண்டாவது நிறம். நிறப் பைட்டின் கீழ் நான்கு பிட்டும் எழுத்தின் நிறம், அடுத்த மூன்று பிட் பின்னணி, உச்சியில் இருக்கும் ஒரு பிட் 'மின்னு' என்ற கட்டளை. ஆகவே எழுத்துக்கு 16 நிறம் (0 முதல் 15 வரை), பின்னணிக்கு 8 தான் (0 முதல் 7 வரை).

உங்கள் நிலாவில் மஞ்சளும் (14) வெள்ளையும் (15) ஒரே கட்டத்தில் சந்திக்கின்றன. ஒன்று எழுத்தின் நிறம் ஆனால் மற்றது பின்னணி ஆகித்தான் தீரவேண்டும். இரண்டுமே 7-க்கு மேற்பட்டவை. ▀ போட்டாலும் ▄ போட்டாலும் தப்ப முடியாது. பின்னணி 14 என்பதை வன்பொருள் 'பின்னணி 6, மேலும் மின்னு' என்று படிக்கிறது. 6 என்பது பழுப்பு. நீங்கள் பார்த்தது அதுதான்.

மோபியஸில் ஐஸ் கலர்ஸ் இயக்கத்தில் வைத்து வரைந்திருப்பீர்கள். அதில் அந்த உச்சி பிட்டும் பின்னணி நிறத்தோடு சேர்ந்துவிடும். நிரலிலும் அதே ஏற்பாடு வேண்டும். படம் போடுவதற்கு முன் இன்டரப்ட் 10-ஐ (ஹெக்ஸ், அதாவது 16-அடிமான எண்; திரைக்கான பயாஸ் சேவை இது) அழையுங்கள். ஏஎக்ஸ் பதிவகத்தில் 1003 (இதுவும் ஹெக்ஸ்), பிஎல் பதிவகத்தில் 0.

---

குளத்தங்கரை | வெள்ளி, இரவு 11.05

செய்தேன், ரொம்ப நன்றி. நிலா அச்சு அசலாக வந்துவிட்டது. மின்னுவதும் நின்றது. ஆனால் தாமரை வெளிர்நீலமாகவே நிற்கிறது, குளமும் வரவில்லை. இது வேறு ஏதோ சிக்கல்.

---

பழைய டாஸ்காரர் | சனி, காலை 6.20

தம்பி, நிலாவும் தாமரையும் வேறு வேறு கோளாறு. மூன்று விஷயம் சொல்லு. எஃப்ஓப்பனில் இரண்டாவது இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? எஃப்ரீட் திருப்பித் தரும் எண் எவ்வளவு? மோபியஸில் கருப்புப் பின்னணிமேல் பளிச்சென்ற இளஞ்சிவப்பில் இருக்கும் கட்டங்கள் மொத்தம் எத்தனை? பொறுமையாக எண்ணிச் சொல்லு, அது முக்கியம்.

---

குளத்தங்கரை | சனி, காலை 8.50

ஐயா, இரண்டாவது இடத்தில் வெறும் 'ஆர்' (r) மட்டும்தான். எஃப்ரீட் 2574 தருகிறது. நான் 4000 கேட்டிருந்தேன், இந்த எண்ணை இதுவரை பார்க்கவே இல்லை. இளஞ்சிவப்புக் கட்டங்கள் 31. இரண்டு முறை எண்ணினேன்.

---

பழைய டாஸ்காரர் | சனி, காலை 9.30

அப்படியானால் கிடைத்துவிட்டது. உன் படத்தில் ஒரு குறையும் இல்லை. கோப்பை உரைக் கோப்பாகத் திறந்திருக்கிறாய், அவ்வளவுதான்.

வெறும் 'ஆர்' என்றால் டர்போ சி அதை உரை என்று எடுத்துக்கொள்ளும். உரையாக வாசிக்கும்போது அது இரண்டு காரியம் செய்யும். 13 என்ற பைட் வந்தால் அதை வரி முடிவுக் குறி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடும். 26 வந்தால் கோப்பு முடிந்தது என்று நிறுத்திவிடும்.

இப்போது உன் நிறங்களைப் பார். கருப்புமேல் பளிச் இளஞ்சிவப்பின் எண் 13. நிறப் பைட் என்பது பின்னணி எண் × 16 + எழுத்தின் நிற எண். நீலம் 1, பளிச் பச்சை 10. நீலத் தண்ணீர்மேல் பச்சைத் தாமரை இலை என்றால் 1 × 16 + 10 = 26. தாமரையும் இலையும் இருக்கும் குளத்தை டாஸில் வரைந்தால் இந்த இரண்டு எண்ணும் வந்தே தீரும்.

இதழ் இருக்கும் இடத்தில் கோப்பில் 219, 13, 219, 13 என்று இருக்கிறது. 219 என்பது █. 13 எல்லாம் விழுந்ததும் மிஞ்சுவது 219, 219, 219, 219. அடுத்த █ வந்து முந்தைய █-இன் நிறமாக உட்கார்ந்துகொள்கிறது. 219-ஐ நிறமாகப் பிரித்துப் பார்: 128 + 80 + 11. 128 மின்னு, 80 ஊதாப் பின்னணி, 11 வெளிர்நீல எழுத்து. நீ பார்த்தது எழுத்துக்கு எழுத்து அதுவே. நேற்று ராத்திரி உன் கேள்வியில் 'வெளிர்நீலம், ஊதா' என்று படித்தவுடனே எனக்கு 219 தான் நினைவுக்கு வந்தது.

அந்த ↨ வரிசையும் இப்படித்தான். 31 பைட் விழுந்திருக்கிறது, அது ஒற்றைப்படை. அதனால் அதற்கப்புறம் நிறம் எழுத்தாகவும் எழுத்து நிறமாகவும் மாறி நிற்கின்றன. தண்ணீரை நீலப் பின்னணியில் வெற்றிடமாக, 32, 23 என்று வைத்திருப்பாய். இடம் மாறினால் எழுத்து 23, அது ↨. நிறம் 32, அது பச்சைமேல் கருப்பு.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. வாசித்தது 2574, விழுந்தது 31, கூட்டினால் 2605. ஒரு வரிக்கு 160 பைட். 2605-இல் 16 வரி போனால் மீதி 45. அதாவது 17-ஆவது வரியில் 22 கட்டம் முழுசாக வந்து, 23-ஆவது கட்டத்தின் எழுத்தும் வந்து, அதன் நிறத்தில் நின்றிருக்கிறது. மோபியஸில் 17-ஆவது வரி, 23-ஆவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார். முதல் இலையின் விளிம்பாகத்தான் இருக்கும்.

'ஆர்' என்பதை 'ஆர்பி' (rb) என்று மாற்று. பி என்றால் பைனரி, எந்த பைட்டையும் தொடாது. எஃப்ரீட் 4000 தருகிறதா என்று நிரலே பார்க்கட்டும், தராவிட்டால் படத்தைப் போடாமல் நேராக மெனுவுக்குப் போகட்டும். கடையில் வேலை நடக்கிற நிரல் அது.

4129 ஏன் என்று குழம்பாதே. 4000 படம், கடைசி 128 சாஸ் குறிப்பு (தலைப்பு, வரைந்தவர் பெயர், அகலம், ஐஸ் கலர்ஸ் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும்), நடுவில் ஒரு 26. டாஸில் டைப் கட்டளையால் ஒரு படக்கோப்பைப் பார்த்தால் குறிப்பு திரையில் கொட்டாமல் நிற்பதற்காகத்தான் அந்த 26. டாஸுக்கு முன் இருந்த சிபிஎம் என்ற இயக்க முறைமையில் கோப்பின் நீளம் 128 பைட் துண்டுகளாகத்தான் பதிவாகும், உரை எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு குறி தேவைப்பட்டது. உன் குளத்தைப் பாதியில் நிறுத்தியது அந்தக் காலத்துக் குறி.

1993-இல் நானும் இதில் ஒரு வாரம் மாட்டியிருக்கிறேன். அப்போது கையில் இருந்தது தி டிரா என்ற படம் வரையும் நிரல், இயான் டேவிஸ் எழுதியது, 1986-இல் வந்தது. நீலத் திரையில் பச்சைச் சட்டம் போட்டிருந்தேன். சட்டத்தின் முதல் மூலையோடு படம் நின்றுவிடும். கடைசியில் படத்தை சி மூல நிரலாகவே சேமிக்கும் வசதி தி டிராவில் இருப்பதைக் கண்டுபிடித்து, கோப்பையே வாசிக்காமல் தப்பித்தேன். 'பி' என்ற ஒரு எழுத்து போதும் என்று எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

---

குளத்தங்கரை | சனி, காலை 10.10

ஐயா, 17-ஆவது வரி 23-ஆவது கட்டம் முதல் இலையின் இடது விளிம்பேதான். ▄, பச்சை, பின்னணி நீலம். 'ஆர்பி' போட்டதும் முழுக் குளமும் வந்துவிட்டது. இரண்டு இலை, தண்ணீரில் நிலாவின் நிழல், எல்லாம். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு புதுச் சிக்கல் மட்டும் வந்திருக்கிறது. இருப்பு குறைந்த பொருளை அப்பா சிவப்பில் மின்ன வைத்திருப்பார். அவர் கண் தேடுவதே அந்த மின்னலைத்தான். இப்போது அது மின்னாமல் சாம்பல் பட்டைமேல் சிவப்பாக நிற்கிறது.

---

அரைக்கட்டம் | சனி, காலை 10.40

அது நான் சொன்ன மாற்றத்தால் வந்தது. மின்னலை நிறுத்தினால் அந்தப் படத்துக்கு மட்டும் இல்லை, திரை முழுவதற்கும் நிற்கும். அப்பா பளிச் சிவப்போடு பிளிங்க் என்ற மின்னு பிட்டைச் சேர்த்து 12 + 128 = 140 என்று போட்டிருப்பார். உச்சி பிட் பின்னணி ஆகிவிட்டதால் 140 இப்போது அடர்சாம்பல்மேல் சிவப்பு. படம் முடிந்து மெனுவுக்குப் போகும் முன் அதே இன்டரப்டை பிஎல்லில் 1 வைத்து மறுபடி அழையுங்கள். ஆனால் அதற்கு முன் திரையைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிலா ஒரு நொடி பழுப்பாகித் தெரியும்.

இன்னொரு வழி, வெள்ளையும் மஞ்சளும் சந்திக்கும் கோட்டை நிலா முழுக்கக் கட்டத்தின் விளிம்பிலேயே வைப்பது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு பளிச் நிறம் வராமல் பார்த்துக்கொண்டால் எந்த இன்டரப்டும் தேவையில்லை. நிலா கொஞ்சம் படிக்கட்டாகத் தெரியும். எனக்கு உங்கள் நிலா இப்போது இருக்கும்படியே பிடித்திருக்கிறது.

---

பழைய டாஸ்காரர் | சனி, காலை 11.00

அவர் சொன்னபடி 0, படம், துடை, 1 என்ற வரிசையில் செய். அப்பா பார்த்துப் பழகிய மின்னலில் கை வைக்காதே.

கடைக் கணினியில் போடும்போது இன்னொன்றும் கண்ணில் படலாம். அசல் விஜிஏ (பழைய கணினிகளின் திரை அட்டை) டெக்ஸ்ட் மோடில் எழுத்தின் அகலம் 9 புள்ளி, எழுத்துருவில் இருப்பது 8 தான். 192 முதல் 223 வரை உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் திரும்பப் போடும். █ ▄ ▀ எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. ░ ▒ ▓ மூன்றும் 176, 177, 178. அவை வெளியே நிற்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் மெல்லிய செங்குத்துக் கோடு தெரியும். மோபியஸில் 9 புள்ளி எழுத்துரு என்ற தேர்வை இயக்கிவிட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்.

---

குளத்தங்கரை | செவ்வாய், இரவு 9.15

நேற்று கடையில் போட்டேன். கோடு தெரிந்தது நிலாவைச் சுற்றி ▒ வைத்திருந்த இடத்தில் மட்டும்தான். அங்கே மவுஸால் அழித்து அரைக்கட்டமாக்கிவிட்டேன். தண்ணீரில் ░ இருந்த நாலு கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன், அலை மாதிரி இருக்கிறது.

இன்று காலை அப்பா கடை திறந்து கணினியைப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பலகையில் மொட்டு ஒன்று இடது பக்கம் இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். எனக்கு அந்த மொட்டு நினைவிலேயே இல்லை. கடைப் பேனாவால் ரசீதுக்குப் பின்பக்கம் வரைந்து காட்டினார். இன்று இரவு அதை 14-ஆவது வரியில் சேர்க்கிறேன். அதற்கு இன்னும் ஆறு இளஞ்சிவப்புக் கட்டம் வேண்டியிருக்கிறது.