லீவில் இருந்தவர் திறந்த ஃபைல்

மருத்துவமனை ஐ.டி. பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நோயாளியின் ரகசியம் வெளியே போனது என்றதும் எல்லோரும் ஹேக்கரைத்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அது நம் கூடவே டியூட்டி பார்க்கிறவர்கள் வழியாகத்தான் அதிகம் கசிந்திருக்கிறது.

ஒருமுறை எங்கள் நர்ஸ் ஒருவரே அட்மிட் ஆனார். என்ன வியாதி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லிஃப்ட்டில் இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசியதை அவர் தங்கையே கேட்டுவிட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "என் ஃபைலை யார் யார் திறந்தாங்கன்னு பார்க்க முடியும்தானே சார்?"

"முடியும் சிஸ்டர். எழுத்தில் ஒரு புகார் மட்டும் கொடுங்க."

கம்ப்யூட்டர் கேஸ் ஷீட்டை யார், எந்த மெஷினில், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது தானாகப் பதிவாகும். ஆடிட் லாக் என்போம். எடுத்துப் பார்த்தேன். 41 முறை திறந்திருக்கிறார்கள். அதில் 26 முறை ஒரே பெயர். அந்தப் பெயருக்குரிய சிஸ்டரோ அந்த வாரம் முழுக்க லீவு.

வார்டுக்குப் போய் கீபோர்டைத் திருப்பினேன். டிரெஸ்ஸிங்குக்கு வைத்திருக்கும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பேனாவால் அவருடைய பாஸ்வேர்டு. நல்ல கோபம் வந்தது. சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தேன். லாகின் ஆக ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு கையில் மருந்து ட்ரே, மறுபக்கம் அடிக்கிற பெல். யார் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிப்பார்கள்? அதனால் காலையில் யாராவது அந்தப் பெயரில் உள்ளே போய்விடுவார்கள், ஷிஃப்ட் முழுக்க அதிலேயே ஓடும். அந்தப் பக்கம் போகிறவர், வருகிறவர் எல்லாம் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள், திரை தூங்கிவிடக் கூடாதே என்று. அந்த ஐந்து நிமிடக் கெடுவை வைத்ததே நான்தான்.

மீதி 15-இல் மூன்று பேருக்கு அந்த ஃபைலில் எந்த வேலையும் இல்லை. அவர்களுக்கு மெமோ போனது. அந்த 26 முறையும் திறந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைப் புகார் கொடுத்த சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப லாக் எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் அடையாள அட்டையைத் தட்டினால் சில நொடியில் திறக்கும்படி மாற்றினோம். பிளாஸ்திரி தானாகவே காணாமல் போனது. அதற்கு முன் நாங்கள் நடத்திய விழிப்புணர்வு வகுப்புகளால் ஒரு பிளாஸ்திரிகூட அகலவில்லை.

ஸ்டாஃப், பிரபலங்கள் போன்றவர்களின் ஃபைலுக்கு இன்னொரு பூட்டும் போட்டோம். தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைக்கிற மாதிரி, அவசரம் என்றால் யாரும் திறக்கலாம், ஆனால் காரணத்தை டைப் செய்ய வேண்டும். முதல் மாதக் காரணங்களைப் படித்தேன். ஒருவர் வெறும் புள்ளி வைத்திருந்தார். ஒருவர் 'ப்ளீஸ்' என்று எழுதியிருந்தார்! திறக்கவே விடாமல் அடைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மயங்கிக் கிடக்கிறவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று தேடுகிற டாக்டரை அந்தப் பூட்டு நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-இல் வந்தது, நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் அதன் விதிகளைப் பெரும்பாலானோர் 2003 ஏப்ரலில் இருந்து கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. தேவையான அளவு தகவலை மட்டுமே கொடு என்று சொல்லும் அந்த விதிகளே, சிகிச்சைக்காக டாக்டர்கள் பகிர்ந்துகொள்வதற்கு அந்தக் கட்டுப்பாட்டைப் போடவில்லை.

ஜூனியர் டாக்டர் ஒருவர், வெளியில் இருக்கும் நண்பரிடம் கருத்துக் கேட்க ஒரு ஸ்கேன் ஃபைலை அனுப்பினார். "திரையில் பேரை மறைச்சுட்டேன் சார்" என்றார். மறைத்தது திரையில்தான். ஸ்கேன் படங்களைச் சேமிக்கிற டைகாம் என்ற வகை ஃபைலின் உள்ளே பெயர், பிறந்த தேதி எல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கும். இத்தனைக்கும் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 1990களில் லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, பெயர் நீக்கிய மருத்துவத் தரவையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றை வைத்தே மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். இதை அந்த டாக்டரிடம் சொன்னதும் உடனே போனை எடுத்து அந்த ஃபைலை அழிக்கச் சொன்னார்.

எனக்கு அதிக எரிச்சல் தருவது இதற்கு நேர்மாறானது. சொந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வந்த பெரியவரிடம் கவுன்ட்டரில் "பிரைவசி ரூல், தர முடியாது" என்றார்கள். யாருடைய பிரைவசி? அவருடைய தகவலை அவரிடமிருந்தே காப்பாற்றுகிறார்களாம். ஹிப்பா விதிப்படி நோயாளி கேட்டால் பொதுவாக 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஒரு மாதம் என்கிறது. அன்று நானே பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த சிஸ்டர் குணமாகி டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். வேறு வார்டு கேட்டு வாங்கிக்கொண்டார். செக்கப்புக்கு மட்டும் வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார்.