டாக்ஸிசைக்ளின் முடிச்சதும் திரும்ப உண்ணிக் காய்ச்சல்: ஏற்காடு, லேப்ரடார், 28 கிலோ

நாகலூர் தோட்டம்:

வணக்கம். 4 வயசு ஆண் லேப்ரடார், 28 கிலோ. காப்பித் தோட்டத்துக்குள்ள வீடு, பகல்ல அவுத்துவிட்டுத்தான் வளர்க்கிறோம். போன மாசம் காய்ச்சல் 104 டிகிரி, சோத்தைத் தொடல. கீழே சேலத்துல கிட் டெஸ்ட் போட்டதுல எர்லிக்கியா (உண்ணி பரப்பற கிருமி) பாசிட்டிவ். பிளேட்லெட் 62,000, ஹீமோகுளோபின் 10.4. டாக்ஸிசைக்ளின் 100 எம்ஜி காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, 10 நாளைக்கு எழுதினாங்க. கூடவே அயர்ன் டானிக், லிவர் டானிக். மூணாம் நாளே எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டான். மாத்திரை முடிஞ்சு ரெண்டு வாரத்துல திரும்பவும் சோர்வு. இப்போ பிளேட்லெட் 78,000, ஹீமோகுளோபின் 8.1. நேத்து வலது மூக்குல மட்டும் நாலஞ்சு சொட்டு ரத்தம். ஸ்மியர் (ஸ்லைடுல ரத்தம் தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பார்க்கறது) பார்க்கல. இன்னொரு கோர்ஸ் டாக்ஸி போதுமா, வேற மருந்து வேணுமா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?

ஐந்துரோடு வாசி:

மூணு விஷயம் இடிக்குதுங்க. அளவு, நாள், அப்புறம் அந்த அயர்ன் டானிக்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸி கிலோவுக்கு 10 எம்ஜி, ஒரு நாளைக்கு. ஒரே வேளையா கொடுக்கலாம், இல்லேன்னா 5, 5-ஆ ரெண்டு வேளை. 28 கிலோவுக்கு 280 வரும். அதாவது 100 எம்ஜி மாத்திரை காலைல ஒண்ணரை, ராத்திரி ஒண்ணரை. உங்களுக்குக் கிடைச்சது 200, கிலோவுக்கு 7 எம்ஜி கிட்டத்தான் வரும். கோர்ஸ் 28 நாள், மொத்தம் 84 மாத்திரை. 10 நாள்ல காய்ச்சல் இறங்கும், பிளேட்லெட் ஏறும், ஆனா கிருமி மண்ணீரல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும் உட்கார்ந்துக்கும். நாய் ஓடுதுன்னு மருந்தை நிறுத்தக் கூடாதுங்கறது இதனாலதான்.

அயர்ன் டானிக்கை டாக்ஸியோட சேர்த்துக் கொடுத்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு உடம்புல ஏறாமலே வெளியே போயிடும். கால்சியம் சிரப், அல்சருக்குக் கொடுக்கற ஜெல், பால், தயிர் எல்லாம் இதே கதைதான். குறைஞ்சது 3 மணி நேரம் இடைவெளி விடுங்க. டாக்ஸி முடியற வரைக்கும் டானிக்கை நிறுத்தி வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. வெறும் வயித்துல மாத்திரை கொடுக்காதீங்க, வாந்தி எடுப்பான். உணவுக்குழாய்ல மாத்திரை ஒட்டினா அங்கேயே புண்ணாகிடும். சோறு வெச்சு, கடைசி உருண்டைக்குள்ள மாத்திரை, அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சுல 10 மில்லி தண்ணி கடைவாய்ல விடுங்க.

இதைவிட முக்கியமா எனக்குப் படறது ஹீமோகுளோபின். நாய்க்கு 12-லிருந்து 18 இருக்கணும். எர்லிக்கியா ஆரம்பத்துல முதல்ல இழுக்கறது பிளேட்லெட்டைத்தான். பிளேட்லெட் கொஞ்சம் ஏறியிருக்கும்போது ஹீமோகுளோபின் மட்டும் 10.4-லிருந்து 8.1-க்கு இறங்குதுன்னா கூட பேபீசியா இருக்கான்னு பார்த்தே ஆகணும். அது சிவப்பணுவுக்குள்ள போய் உடைக்கற ஒட்டுண்ணி, டாக்ஸி மட்டும் கொடுத்தா அடங்காது. ஈறு வெளுத்திருக்கா, கண் வெள்ளையில மஞ்சள் தட்டுதா, மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போறானான்னு இன்னிக்கே பாருங்க.

பேபீசியாவுலயும் ரெண்டு வகை. பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி, 14 நாள் இடைவெளியில ரெண்டு தடவை. முன்னாடியே அட்ரோபின் போடலேன்னா எச்சில் ஊத்தும், வாந்தி பேதி வரும். சின்ன வகை, அதாவது கிப்சோனி, இமிடோகார்புக்கு முழுசா ஒழியாது. அதுக்கு அடோவாகோன் கிலோவுக்கு 13.3 எம்ஜி, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொழுப்புள்ள சாப்பாட்டோட. கூட அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 எம்ஜி தினம் ஒரு வேளை. ரெண்டும் 10 நாள். விலை அதிகம்தான், அதனாலதான் எந்த வகைன்னு தெரியாம ஆரம்பிக்கக் கூடாது. மாட்டுக்குப் போடற பெரெனில் ஊசியை யாராவது சொன்னா, எடை போட்டுப் பார்க்காம ஒத்துக்காதீங்க. நாய்க்கு அளவு கொஞ்சம் கூடினாலும் மூளையைத் தாக்கும்.

கிட் டெஸ்டைத் திரும்பப் போட்டுக் காசை விடாதீங்க. அது பார்க்கறது கிருமியை இல்ல, உடம்பு உண்டாக்கின எதிர்ப்பொருளை. நோய் போனப்புறமும் மாசக்கணக்கா பாசிட்டிவ்தான் காட்டும். ஸ்மியரும் பிசிஆரும் (கிருமியோட மரபணுவைத் தேடற டெஸ்ட்)தான் இப்போ வேணும். பிசிஆருக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் அடுத்த டாக்ஸி மாத்திரை, முன்னாடியே கொடுத்தா கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

பாராசிட்டமால், புரூஃபென், ஆஸ்பிரின் எதையும் வீட்டுல கொடுக்காதீங்க. பப்பாளி இலைச் சாறு கொடுக்கறவங்க கொடுக்கட்டும், ஆனா அது கிருமியைக் கொல்லாது, டாக்ஸிக்குப் பதில் ஆகாது.

மலைப்பாதை:

மேலே சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம்னா மலைமேல இன்னொண்ணையும் பார்க்கணும். ஓடைத் தண்ணி குடிக்கற நாய்க்கு மூக்குக்குள்ள அட்டை ஏறிக்கும். பிளேட்லெட் 78,000 இருக்கும்போது தானா ரத்தம் வர்றது குறைவு, பெரும்பாலும் 30,000, 40,000-க்குக் கீழே போனாத்தான் பயம். ஆனாலும் எர்லிக்கியாவுல பிளேட்லெட் எண்ணிக்கை இருந்தும் சரியா வேலை செய்யாமப் போறதுண்டு, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. அட்டைன்னா அடிக்கடி தும்முவான், மூக்கை முன்னங்காலால தேய்ப்பான், ஒரே பக்கம் விட்டு விட்டு ரத்தம் வரும். ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாம வெச்சிருந்து, அகலமான பாத்திரத்துல குளிர்ந்த தண்ணியை மூக்குக்கு நேரா வையுங்க. கருப்பா ஒரு நுனி வெளியே வந்து ஆடும். வழுக்கும், அதனால பஞ்சு சுத்தின இடுக்கியில பிடிச்சு, அது தானா விடற வரைக்கும் மெதுவா இழுத்துப் பிடிக்கணும். வெடுக்குன்னு இழுத்தா அறுந்து பாதி உள்ளேயே நிக்கும். உப்புத்தண்ணி, புகையிலைத் தண்ணி மூக்குல விடவே விடாதீங்க. ரத்தம் கொட்டினா இதெல்லாம் பார்த்துக்கிட்டு நிக்காம நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

இன்னொண்ணு, சாம்பிள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் லேபுக்குப் போறதுக்குள்ள பாதிப் பேர் ரத்தத்தைக் கெடுத்துடறாங்க. ஊதா மூடி டியூப்ல கோடு வரைக்கும் நிரப்பி, உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவா தலைகீழாக் கவுத்து நிமிர்த்தணும். குலுக்கக் கூடாது. உள்ளே துளி உறைஞ்சாலும் பிளேட்லெட் பொய்யாக் குறைஞ்சு வரும். ஐஸ் பேக்கைத் துணியில சுத்தி, அதுமேல டியூப். ஐஸ் நேராப் படக் கூடாது. ஸ்மியரை மட்டும் ரத்தம் எடுத்த இடத்துலயே தேய்ச்சுக் காயவெச்சு வாங்கிக்கோங்க. பேபீசியாவுக்குக் காது நுனியில குத்தின துளி ரத்தம் நல்லது. அந்த ஸ்லைடைக் குளிர்ப் பெட்டியில வைக்காதீங்க, வேர்த்துப்போய் அணுக்கள் சிதைஞ்சுடும், தனியாச் சட்டைப்பையிலயே எடுத்துட்டு வாங்க. மனுஷங்களுக்குப் பார்க்கற லேப்ல கொடுத்தா, மெஷின்ல நாய்க்கான செட்டிங் இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா பிளேட்லெட்டை ஸ்லைடுல கண்ணால எண்ணச் சொல்லுங்க.

பிளேட்லெட் குறைவா இருக்கும்போது கழுத்து நரம்புல ரத்தம் எடுக்க வேண்டாம். கால் நரம்புல எடுத்துட்டு 5 நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க.

நாமக்கல் பக்கம்:

ரெண்டு நாள் விட்டுத் திரும்ப எடுக்கும்போது ஹீமோகுளோபின் 6-க்குக் கீழே வந்தாலோ, ஈறு வெள்ளையாகி மூச்சு வாங்கினாலோ ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். அப்போ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லேன்னா ஆத்தூர் தாண்டி தலைவாசல்ல இருக்கற கல்லூரி, எதுவா இருந்தாலும் முதல்ல போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க. ரத்தம் கொடுக்கற நாயை நீங்கதான் கொண்டு போக வேண்டிவரும்: 25 கிலோவுக்கு மேல, 1-லிருந்து 8 வயசுக்குள்ள, தடுப்பூசி எல்லாம் போட்டது, இதுவரை ரத்தம் ஏத்திக்காதது. அதுக்கும் உண்ணி நோய் டெஸ்ட் எடுத்தே ஆகணும், கிப்சோனி ரத்தம் வழியாவும் பரவும். இப்போதைக்கு 8.1-ல அவசரம் இல்லை. ஸ்மியர் ரிசல்ட்டோட போனா நேரம் மிச்சம்.

நாகலூர் தோட்டம்:

ரொம்ப நன்றிங்க. ஈறு வெளிர் ரோஸ், மூத்திரம் மஞ்சளாத்தான் போறான். நாளைக்குக் காலைல ஸ்மியருக்கும் பிசிஆருக்கும் கீழே இறங்கறோம். உண்ணியைப் பத்தியும் சொல்லுங்க. நாய்க் கொட்டாய் கருங்கல் சுவர், வெடிப்பு நிறைய. பூனை ஒண்ணு இருக்கு. பக்கத்து லைன் வீட்டுல 6 வாரக் குட்டிங்களும் இருக்கு.

ஐந்துரோடு வாசி:

நாய் உடம்புல நீங்க பார்க்கற உண்ணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அந்தச் சுவர் வெடிப்புலதான் இருக்கு. ஒரு பெண் உண்ணி ரத்தம் குடிச்சு இறங்கி ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும், அதுவும் தரையிலயே நிக்காம சுவர் மேல ஏறிப்போய். வெடிப்பையெல்லாம் சிமெண்ட் வெச்சு அடைச்சுச் சுண்ணாம்பு அடிங்க. டெல்டாமெத்ரின் கரைசலை லேபிள்ல போட்டிருக்கற அளவுல சுவர், கூரை இடுக்கு, கட்டில் காலு எல்லாத்துலயும் அடிச்சு, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. முட்டைமேல மருந்து சரியா ஏறாது, பொரிச்சு வர்றதைப் பிடிக்கத்தான் ரெண்டாவது. காயற வரைக்கும் நாயை உள்ளே விடாதீங்க. பூனைக்கு இந்த வகை மருந்து விஷம், முழுசாக் காஞ்சு காத்தாடின பிறகும் அந்தப் பக்கம் விடாம இருந்தா நல்லது. காப்பி பூத்திருக்கும்போது வெளிச்செடிமேல அடிக்காதீங்க, தேனீ செத்துப்போகும்.

லேப்ரடாருக்கு உண்ணியைக் கொல்ற ஃப்ளூராலனர் மாத்திரை 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலனர் மாசம் ஒண்ணு. வலிப்பு வந்த நாயா இருந்தா டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. அந்தக் குட்டிங்களுக்கு இந்த மாத்திரை இப்போ ஆகாது, 8 வாரமும் 2 கிலோவும் தாண்டணும். அதுவரைக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே டாக்டர் சொல்ற அளவுல போடலாம், தினம் காது மடல், விரல் இடுக்கு, வால் அடி தேடி இடுக்கியில தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்து எடுங்க. மண்ணெண்ணெய் தடவறது, நெருப்பு வைக்கறது வேண்டாம். எடுத்த உண்ணியை விரலால நசுக்காம சோப்புத் தண்ணியில போடுங்க.

28 நாள் முடிஞ்சதும் ரத்தம் எடுத்துப் பாருங்க. மருந்து நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பிசிஆர், அப்புறம் ரெண்டு மாசத்துல இன்னொண்ணு. நாளைக்கு ஸ்மியர் ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்க, எந்த வகை பேபீசியான்னு தெரிஞ்சா அடுத்த மருந்து பத்திப் பேசலாம்.