மறு: சூழல் டி.என்.ஏ.வா, உதிர் டி.என்.ஏ.வா?

> "சூழல் மரபணு" என்றே வைத்துக்கொள்ளலாமே. மாணவர்களுக்கு எளிது.

ஐயா, உயிர்கள் நீரிலும் மண்ணிலும் விட்டுப்போகும் டி.என்.ஏ.வுக்கு (ஆங்கிலத்தில் environmental DNA) தமிழ்ப் பெயராக அது எளிதுதான். ஆனால் மரபணு என்றால் ஜீன். அதை டி.என்.ஏ.வுக்கும் போட்டால் பிள்ளைகள் பாவம். சரி, "சூழல் டி.என்.ஏ." என்று திருத்தினாலும் நெருடுகிறது. சூழலுக்கு ஏது டி.என்.ஏ.? "குளத்து நீரில் விராலின் சூழல் டி.என்.ஏ. கிடைத்தது" என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்கவில்லை. அங்கே கிடப்பது விரால் விட்டுப்போன செதிலும் கோழையும் கழிவும்.

அதனால்தான் "உதிர்" என்கிறேன். எங்கள் மன்னார்குடிப் பக்கம், போன வருஷம் மாப்பிள்ளைச் சம்பா போட்ட வயலில் இந்த வருஷம் குட்டை ரகம் நட்டால், நடுநடுவே நாலு பயிர் நெஞ்சுயரத்துக்குத் தலைநீட்டும். போன அறுப்பில் உதிர்ந்த நெல் முளைத்தது. வரப்பில் போகிறவர்கூட நின்று, "போன தடவை சம்பாவா?" என்று கேட்டுவிடுவார். விதைத்தவனைக் கேட்க வேண்டியதே இல்லை. இந்த டி.என்.ஏ.வும் அப்படித்தான், உயிரைப் பார்க்காமலே அது அங்கே இருந்ததைச் சொல்லிவிடும்.

இன்னொன்று, இது வினைத்தொகை. மூன்று காலமும் அடங்கும். வடக்கு கிரீன்லாந்து மண்ணிலிருந்து 20 லட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ.வை எடுத்து 2022 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதில் யானைக்கு உறவான மாஸ்டோடான் இருந்தது. அந்த விலங்கு அவ்வளவு வடக்கே போயிருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அது உதிர்ந்தது. பூதம் இருப்பதாகக் கதை சொல்லும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 2018இல் சுமார் 250 நீர் மாதிரி எடுத்தார்கள். பூதம் அகப்படவில்லை, எங்கு பார்த்தாலும் விலாங்கு! அது உதிர்கிறது. (பூம்புகார் சேற்றிலும் பார்க்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். கிரீன்லாந்தில் குளிர் காத்தது. நம் வெயிலுக்கு அது சீக்கிரம் சிதைந்துவிடும்.)

மருத்துவத்தில்தான் சிக்கல். 2022இல் லண்டன் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் தென்பட்டது, அங்கே யாருக்கும் கால் முடங்காத நிலையிலேயே. ஆனால் போலியோவிடம் இருப்பது டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ. அப்படியானால் "உதிர் ஆர்.என்.ஏ." என்று முன்னொட்டை அப்படியே வைத்துப் பின்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இடிக்காது.

மயிலாடுதுறை அக்கா சொன்ன "எச்சம்" எனக்கும் பிடித்த சொல். ஆனால் தொல்லுயிர் எச்சம் என்று அது புதைபடிவத்துக்குப் போய்விட்டது. தவிர, காக்கை எச்சம் முதலில் கண்ணில் நிற்கும். (அதிலும் டி.என்.ஏ. உண்டு, அது வேறு கதை.)

என் சொல்லிலும் குறை உண்டு. "உதிர்" என்றதும் தலைமுடித் தைல விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது என்கிறாள் வீட்டுக்காரி. முடியிலிருந்தும் எடுக்கலாமே என்று சமாளித்தேன், ஒப்பவில்லை.

அப்புறம், "உதிர் டி.என்.ஏ." என்பதை இடைவெளி விட்டு எழுதுவதா, சேர்த்தா? நான் விட்டே எழுதுகிறேன். இங்கே அறுப்பு ஓடுகிறது, பதில் இரண்டு நாள் தாமதமாகலாம்.