லித்துவேனிய நாட்டுப்புற உடை: வட்டாரங்களை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை)
வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு மாணவிக்கும் ஒரு மாணவனுக்கும் லித்துவேனிய உடை தைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். படங்களில் ஒரு பாவாடை கோடாகவும் மற்றொன்று கட்டமாகவும் இருப்பதால், வட்டாரங்களைக் கலந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1
கலக்காதீர்கள், அக்கா. மேற்கேயுள்ள ஜெமைத்தியாவில் பாவாடைக்கு நெடுங்கோடுகள், தோளில் வண்ணச் சால்வைகள், காலில் மரக்காலணி. வடகிழக்கிலுள்ள ஔக்ஷ்டைத்தியாவில் வெண்மையே மேலோங்கும். பாவாடையின் முன்பக்கம் கட்டும் மேல்துணியின் கீழ்விளிம்பில் மட்டும் சிவப்புக் கோலங்களை நெய்திருப்பார்கள். தெற்கே, சூக்கியாவில், கட்டங்கள் மிகுதி. எனக்கு மிகவும் பிடித்தது கடலோரக் கிளைப்பேடா வட்டாரத்து உடைதான்: அடர்நிறத் துணி, அதன்மேல் இடுப்பில் கட்டித் தொங்கவிடும் ‘டெல்மோனாஸ்’ என்னும் பூவேலைப் பை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மம்மாவின் வெற்றிலைப் பை நினைவுக்கு வரும்.

மறுமொழி 2
தலையணியைக் கவனியுங்கள், ரீச்சர். மணமாகாத பெண்கள் கூந்தல் தெரியப் பட்டியோ கிரீடம் போன்ற தலையணியோ அணிவார்கள். மணமானவர்களே தலையை மூடுவார்கள். ஆகவே மாணவிக்கு முக்காடு பொருந்தாது. ஆண்களின் உடையில் வட்டார வேறுபாடு குறைவு: வெள்ளை லினன் சட்டை, கையில்லா மேலங்கி, காற்சட்டை, கோடைக்கு வைக்கோல் தொப்பி. இடுப்பில் கட்டும் ‘யுவோஸ்தா’ என்னும் நெய்த பட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மணப்பெண்கள் தம் கையால் நெய்து பரிசளித்த பொருள் அது.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெமைத்தியாவையே தெரிவுசெய்கிறேன். நம் வெயிலுக்குக் கம்பளி தாங்காது என்பதால், நெடுங்கோட்டுக் கைத்தறிப் பருத்தியில் பாவாடையைத் தைக்கிறேன்.