அமெரிக்காவின் பழைய ஐவர் பாட்டுக்குழு டெம்ப்டேஷன்ஸில் ஆட்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நீங்கள் மேடையில் பார்த்தது எந்த டெம்ப்டேஷன்ஸ்?

மெல்லிசைவாசி:
மிஷிகனில் ஒரு கேசினோ அரங்கு. ஓடிஸ் வில்லியம்ஸ் மட்டும்தான் ஆரம்ப காலத்து ஆள், மற்ற நால்வரும் பின்னால் சேர்ந்தவர்கள் என்று தெரிந்துதான் போனேன். 'மை கேர்ள்' ஆரம்பித்தது. பேஸ் நெஞ்சுத் துடிப்பு மாதிரி தட்ட, கிட்டார் அதன்மேல் படியேறும் அந்த இடம் உங்களுக்கே தெரியும். பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மா. முதல் வரி வந்ததுமே கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை திறக்கவில்லை. கைப்பையின் மேல் ஒரு விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். அவர் கேட்டது யாரை? மேடையில் பாடியவரையா, 1965இல் ரேடியோவில் கேட்ட, அந்தப் பாட்டை முதலில் பாடிய டேவிட் ரஃபினையா? கேட்கத் தயங்கிவிட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

ஊசிமுனை:
பெயர் ஓடிஸிடம் இருக்கலாம். குரல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. டென்னிஸ் எட்வர்ட்ஸ் தனிக்குழு வைத்துப் பாடிய காலத்தில் நியூ ஜெர்சியில் கேட்டேன். 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' முன்னிசை நீண்டுகொண்டே போகிறது, அவர் மைக்கைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார். 1968இல் ரஃபினை நீக்கிவிட்டு இவரைச் சேர்த்தார்கள். அதன் பிறகும் ரஃபின் கச்சேரிகளுக்கு வந்து மேடையேறி மைக்கைப் பறித்திருக்கிறார், கூட்டம் ஆர்ப்பரித்திருக்கிறது. அப்போது பக்கத்தில் நின்ற எட்வர்ட்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு டெம்ப்டேஷன்ஸ் என்றால் அந்தக் குரல்தான்.

திரைக்குப்பின்:
ஊசிமுனை, ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொல்லும் அதே பாட்டில் எட்வர்ட்ஸ், மெல்வின் பிராங்க்ளின், ரிச்சர்ட் ஸ்ட்ரீட், டேமன் ஹாரிஸ் என்று வரிகள் கைமாறிக்கொண்டே போகின்றன. அதில் ஸ்ட்ரீட்டும் ஹாரிஸும் 1971இல் வந்தவர்கள். ஏன், ரஃபினே 1964இல் எல்பிரிட்ஜ் பிரையன்ட்டின் இடத்துக்கு வந்தவர்தானே!

அவர்கள் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பாட்டுகள் பதிவான ஸ்டுடியோ ஏ, சின்ன அறை. முன்பின் தெரியாத நாங்கள் ஐந்து பேர் வரிசையாக நின்று 'மை கேர்ள்' பாடி, இரண்டு அடி வைத்தோம். எனக்கு உடனே பால் வில்லியம்ஸ் ஞாபகம். அந்தக் குழுவுக்கு அடவுகள் அமைத்தவர். உடம்பு முடியாமல் போன கடைசிக் காலத்தில் அவர் முன்னால் ஆட, திரைக்குப் பின்னால் ஸ்ட்ரீட் நின்று அவர் பகுதியைப் பாடினார். 1973இல் பால் இறந்துவிட்டார், வயது 34. அந்த அறையில் எனக்கு அடுத்த அடி எழவில்லை.

பழையதட்டு:
நான் ஒருமுறை ஏமாந்தேன். சுவரொட்டியில் பெரிய குழுவின் பெயர், மேடையில் ஐந்து இளைஞர்கள், பழைய ஆள் ஒருவர்கூட இல்லை. இடைவேளையில் வந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், டிக்கெட் எடுக்கும் முன் பாடுபவர்களின் பெயர்களைப் பாருங்கள். குழுவின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தால் அரங்கத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். 'அஞ்சலி' என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படிப் பெயரை வைத்து ஏமாற்றுவதைத் தடுக்கவென்றே அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. பெயர் யாருடையது என்பதும் முக்கியம். டிரிஃப்டர்ஸ் என்ற இன்னொரு பாட்டுக்குழுவின் பெயர் அதன் மேலாளர் ஜார்ஜ் ட்ரெட்வெல் கையில் இருந்தது. 1958இல் மொத்தக் குழுவையும் அனுப்பிவிட்டு, பென் ஈ. கிங் இருந்த வேறொரு குழுவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். ஆள் மாறாத குழு வேண்டுமென்றால் ஃபோர் டாப்ஸ் என்ற நால்வர் குழுவின் பழைய பதிவுகளைத் தேடுங்கள். 1950களில் சேர்ந்த அதே நால்வர், 1997இல் அவர்களில் ஒருவரான லாரன்ஸ் பேட்டன் இறக்கும்வரை.

மெல்லிசைவாசி:
நான் அதைக் கேட்கவில்லையே பழையதட்டு, ஏமாந்ததாகவும் சொல்லவில்லை. ஒன்று எழுத விட்டுப்போயிற்று. கடைசியில் ஓடிஸ் மற்ற நால்வரையும் அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா ஒவ்வொரு பெயரையும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.